மூன்று விநாடித் தெளிவு

கேமராவுக்குத் தனி பில்லுங்க என்றார்கள்.
சாந்தாமணி என்னைப் பார்த்தாள்.
நெஞ்சு வலியோடும் எனக்குச் சிரிப்பு வந்தது.
திருச்செங்கோட்டில் போர்வண்டி வைத்திருப்பவன் நான்.
இருபத்திரண்டு வருசமாக இதே வாக்கியத்தைச்
சொல்லிவருகிறேன்,
தண்ணீர் நின்றுபோன குழிகளின் ஓரத்தில்.

மூன்று வருசம் முன்னால்
முதல் ஸ்டென்ட் வைத்த அன்றும் கேட்டார்கள்,
உள்ளே விட்டுப் பார்த்துவிடலாமா?
வெளியிலிருந்தே தெரியுதல்லங்க, அது போதும் என்றேன்.
காட்டுக்காரர்கள் என்னிடம் சொல்வதை
ஓர் எழுத்துப் பிசகாமல்.

ஈரோடு, பெருந்துறை ரோடு. குளிரும் மேசை.
மணிக்கட்டு வழியாக ஒயர் இறங்குகிறது.
"மறுபடி அடைச்சிருக்கு, அது தெரியுது.
ஏன்னு தெரியலைங்க" என்கிறார் டாக்டர் மைதிலி.

கலங்கின தண்ணீரில் கேமரா எதையும் காட்டாது.
நாங்கள் ஒரு ராத்திரி தெளிய விடுவோம்,
வண்டிக்கடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு.
ரத்தத்தைத் தெளிய விட முடியாது.
மருந்தைப் பீய்ச்சி ஒதுக்குகிறார்கள்,
மூன்று விநாடி.
அதற்குள் ஒரு வெளிச்சம்
சுற்றிக்கொண்டே பின்வாங்கி வந்துவிடுகிறது.

ரிஸ்வான் என்கிற பையன்
திரையை என் பக்கம் திருப்பினான்.
கவுந்தப்பாடிச் சர்க்கரை நிறத்தில் ஒரு வட்டம்.
உள்ளே மினுங்கும் புள்ளிகள், ஸ்டென்ட்டின் கம்பிகள்.
ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நிழல்.
ஓரிடத்தில் மட்டும் நெருக்கியடித்து நின்றன,
சந்தை நாளில் பஸ் படிக்கட்டு மாதிரி.

டாக்டர் பேசவில்லை.
அந்த மௌனம் எனக்குத் தெரியும்.
காங்கேயத்தில் நாச்சிமுத்து அண்ணனிடம்
எண்பதடியில் கேசிங் நசுங்கிக் கிடப்பதைச்
சொல்வதற்கு முன்
பீடி பற்றவைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.
அவர் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்குப் பார்க்க முதுகுகூட இல்லை.
பச்சைத் துணி, அதற்கு மேல் இரண்டு கண்.

"கம்பி அன்னிக்கு விரியவே இல்லைங்க.
பின்னாடி சுண்ணாம்பு,
கடிகாரத்துல பன்னண்டுல இருந்து ஒம்பது வரைக்கும்.
அதுக்கு மேல சதை வளர்ந்திருக்கு."
இன்னொரு கம்பி வைப்பீங்களா என்றேன்.
வேண்டாம் என்று தலையாட்டினார்.
சரிதான்.
கேசிங்குக்குள் கேசிங் இறக்கினால்
அப்புறம் மோட்டார் இறங்காது.

பத்துப் பத்தாகத் தட்டினார்கள்.
என் ஹேமர் பிட் மூன்று ஊரை எழுப்பும்.
இது கல்லுக்கு மட்டும் கேட்கிற தட்டல்.
இதயம் இரண்டு தடவை தப்புத் தாளம் போட்டது.
பிறகு மருந்து பூசின பலூன், ஒரு முழு நிமிடம்.
கம்ப்ரசர் லாரி நெஞ்சின் மேல் ரிவர்ஸ் எடுத்தது.
ரிஸ்வான் எண்ணிக்கொண்டிருந்தான்.
நாற்பதுக்கு மேல் எனக்குக் கேட்கவில்லை.

மறுபடியும் வெளிச்சம் இறங்கியது.
இரண்டே முக்கால் இருந்த இடம்
ஐந்தரைக்கு வந்திருந்தது, சதுர மில்லிமீட்டரில்.
சுண்ணாம்பில் கோடு கோடாக வெடிப்பு.
எங்கள் தொழிலில்
பாறையில் வெடிப்பைப் பார்த்தால் தேங்காய் உடைப்போம்.

"கீழ் முனையில ஒரு சின்னக் கிழிசல். விட்டுடலாம்."
விட்டுடலாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.
சில சமயம் தெரிந்து.
சில சமயம் அடுத்த ஊருக்கு நேரமாகி.

பில்லோடு ஒரு சிடி கொடுத்தார்கள்.
வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க மெஷின் இல்லை.
சாந்தாமணி மாத்திரைப் பையில் செருகிக்கொண்டாள்.

நாச்சிமுத்து அண்ணனுக்கும்
அந்த வருசம் ஒரு சிடி கொடுத்தேன்.
மறுமுறை அந்த வழி போனபோது பார்த்தேன்.
கிளி விரட்ட
சோளக்காட்டில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.
எண்பதடி இருட்டு
காற்றில் திரும்பித் திரும்பி
மின்னிக்கொண்டிருந்தது.